கப்பச்சிப்பி

வாரணா லைன்ஸின் முதல் கப்பல் கொழும்புக்குத் தெற்கே எந்திரம் சூடேறி நின்றுபோன செய்தி வந்தபோது, பிரகாசி ஆய்வகக் கேன்டீனில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் ஒருவர் கைப்பேசியில் பார்த்து வாசித்தார். கடல்நீரை உள்ளிழுக்கும் குழாய் முழுக்கச் சிப்பி அடைத்துவிட்டதாம். அடிப்பகுதியில் ஒட்டியிருந்த சிப்பிக்கூட்டம் ஒரு முழம் தடிமனாம். இந்தக் கம்பெனிக் கப்பல்களில் சிப்பியே ஒட்டாது என்றுதானே விளம்பரம் செய்தார்கள் என்று யாரோ சிரித்தார்கள். பிரகாசி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மிச்சச் சாதத்தையும் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவும் இடத்தில் நின்றபடியே தன் மதினி செலினுக்குப் போன் செய்தாள்.

"மதினி, ஒண்ணு நின்னுட்டு."

மறுமுனையில் செலின், "இன்னும் எத்தன இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தூத்துக்குடிக் கடலுக்கு அந்தச் சிப்பி வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கறுப்பாக, விரல் நீளத்தில், ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். சங்குப் படுகைகளை மூடி, முத்துச்சிப்பி விளையும் பார்களை மூடி, மணலே தெரியாதபடி பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. கப்பலில் வந்தது என்பதால் சங்கு குளிக்கும் குளிகாரர்கள் அதைக் கப்பச்சிப்பி என்றார்கள். பிரகாசியின் அண்ணன், செலினின் கணவன் ரெமிஜியுஸ், கம்ப்ரசரில் காற்றனுப்பும் படகில் சங்கு குளிக்கப் போனவன். ஒரு நாள் அடியில் இருக்கும்போது நீரோட்டம் மாறி, அவனுடைய காற்றுக்குழாய் சிப்பிப் படுகைமேல் உரசி அறுந்துபோனது. கூட வந்தவர்கள் கயிற்றை இழுத்து மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

பிரகாசி கடல் உயிரியல் படித்தவள். எந்த உயிர் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. அண்ணனை அடக்கம் செய்த பிறகு அவள் வேறெதையும் ஆராயவில்லை. நம் கடலில் இருக்கும் சிப்பிகள் எல்லாம் ஒரே ஒரு துறைமுகத்துச் சிப்பியின் வாரிசுகள் என்று தெரிந்தது. அந்தத் துறைமுகத்திலிருந்து நேரே தூத்துக்குடிக்கு வந்தவை வாரணா லைன்ஸின் கப்பல்கள் மட்டுமே. சரக்கில்லாத கப்பல் ஆடாமல் இருக்க அதன் வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகே கரையோரத்தில் வெளியேற்ற வேண்டும். வாரணாக்காரர்கள் நேரம் மிச்சம் பிடிக்க அப்படியே திறந்துவிட்டிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. பிரகாசி தன் சான்றுகளைக் கொண்டுபோய் வைத்தாள். கம்பெனி வக்கீல் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிப்பி எப்படி வந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை, அன்று அந்த இடத்தருகே நங்கூரம் போட்டிருந்த எங்கள் கப்பலின் அதிகாரி ஒருவர், இறந்தவர் படகில் தள்ளாடியபடி நின்று குடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார் என்றார். அதிகாரியின் பெயரை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. குடிபோதையில் நேர்ந்த விபத்து என்று தீர்ப்பானது.

ரெமிஜியுஸ் கோயில் மதுவிலக்குச் சபையில் பெயர் கொடுத்தவன். கல்யாண வீட்டில்கூடத் தொடமாட்டான். ஆனால் தாளில் அச்சாகி வந்த பிறகு ஊரிலேயே பாதிப் பேர் அதை நம்பினார்கள். அவன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். செலின் அழவில்லை. கல்லறையில் கணவன் பெயர் வெட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். குடித்திருந்தான் என்ற அந்தச் சொல்லை வாபஸ் வாங்கும்வரை கல்லில் எதுவும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பிரகாசி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்தாள். அது நகரவில்லை. அந்தக் காத்திருப்பில்தான் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. செலின் அடுப்படியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது அதைச் சொன்னாள்.

"சிப்பிக்குஞ்சு பொறந்த ஒடனே ஒட்டாது மதினி. ரெண்டு வாரம் தண்ணியில அலையும். அப்புறம் ஒரு எடம் புடிக்கணும். அத வாசத்த வச்சுதான் புடிக்கும். பாறை வாசம், தாய்ச்சிப்பி வாசம். அந்த மூக்க என்னால மாத்த முடியும்."

செலின் கத்தியை நிறுத்தவில்லை. "மாத்தி?"

"வாரணாக்காரன் கப்பலுக்கு அடியில சிப்பி ஒட்டாம இருக்க ஒரு பெயிண்ட் அடிக்கான். அவனே செய்யுற பெயிண்ட். வேற எவனும் அடிக்கது கெடையாது. அந்த வாசத்த மட்டும் தேடிப் போற மாதிரி செஞ்சிரலாம்."

"பெறவு அது பெருகி நம்ம கடல அழிச்சிரக் கூடாது."

பிரகாசி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். சாதாரணச் சிப்பியை உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டால் வாயை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். அவள் செய்யப்போகும் சிப்பிக்கு மூடத் தெரியாது. நல்ல தண்ணீர் பட்டால் சில மணி நேரத்தில் செத்துவிடும். இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சிப்பியைக் கொல்ல நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று வேறு எவருக்கும் தோன்றாது.

செலின் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நானும் படகுல வருவேன்," என்றாள்.

வெளி நங்கூரப் பகுதியில் மூன்று வாரணா கப்பல்கள் நின்றிருந்த ஒரு பகல்பொழுதில் அவர்கள் போனார்கள். கடல்நீர் மாதிரி எடுக்கப் போவதாகத்தான் பிரகாசி அனுமதி வாங்கியிருந்தாள். கேனைச் சாய்த்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டவள் செலின். வெறும் கலங்கல் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று செலின் கேட்டாள். இவ்வளவுதான் என்றாள் பிரகாசி.

முதல் கப்பல் நின்ற பிறகு மற்றவை வரிசையாக நின்றன. சிப்பி மொய்த்த கப்பல் எரிபொருளை இரண்டு மடங்கு குடித்தது. குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் எந்திரங்கள் வெந்தன. எந்தத் துறைமுகமும் வாரணா கப்பலை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு செய்தியையும் பிரகாசி செலினுக்குச் சொன்னாள். அந்த நாட்களில் இரண்டு பெண்களும் நன்றாகத் தூங்கினார்கள். கம்பெனியை மூடுவதாக அதன் முதலாளி சந்திரமௌலி தொலைக்காட்சியில் அறிவித்த அன்று செலின் இறால் வாங்கிவந்து குழம்பு வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சந்திரமௌலி காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு, கப்பல்களை ஊர்பேர் தெரியாத கம்பெனிகளுக்குக் கைமாற்றிவிட்டு, வேறொரு தொழில் தொடங்கிவிட்டார். அனல்மின் நிலையங்களின் தண்ணீர்க் குழாய்களிலிருந்து கப்பச்சிப்பியைச் சுரண்டி எடுக்கும் தொழில். நன்றாகவே நடந்தது. பிரகாசி இதைச் சொன்னபோது செலின் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிரகாசிக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் வாரணா மேகலா என்ற கப்பல் மட்டும் எங்கும் போக முடியாமல் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கம்பெனி இல்லை, ஆகவே சம்பளம் இல்லை, சாப்பாடு அனுப்ப ஆளில்லை. கப்பலை முடக்கிய சிப்பியின் குஞ்சு கரைக்கு வந்துவிடும் என்ற பயத்தில் துறைமுகம் ஆட்களை இறங்க விடவில்லை. பக்கத்தில் போன படகுகள் தூரத்திலிருந்தே அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி அனுப்பின. இரண்டு மாதம் கழித்துத் துறைமுக அதிகாரி பிரகாசியைக் கூப்பிட்டார். அவளைவிட இந்தச் சிப்பியை அறிந்தவர் கிடையாது. ஒருமுறை கப்பலில் ஏறிப் பார்த்து, என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும் என்றார்.

அவள் கயிற்றேணியில் ஏறிப் போனாள். அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் முதன்மைப் பொறியாளர் நவநீதம். நாகப்பட்டினத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். பால் இல்லை, சீனி இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிக் கட்டன் சாயா கொடுத்தார். பிறகு கீழே அழைத்துப் போய்த் தண்ணீர் உறிஞ்சும் வாயைக் காட்டினார். அதன் இரும்புச் சல்லடையே தெரியவில்லை. ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்றால் தினமும் யாராவது கையை விட்டுச் சுரண்ட வேண்டும். அப்படிச் சுரண்டியதில் சமையல்காரர் ஹனீபாவின் முழங்கையில் வெட்டுப்பட்டிருந்தது. அவர் ஒரு பெஞ்சில் படுத்திருந்தார். கை தோள்வரை வீங்கிப் பளபளத்தது. பிரகாசியைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

மாதிரிக் குப்பிகளை அவள் மூடிக்கொண்டிருந்தபோது நவநீதம் பக்கத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தானாகத்தான் பேசினார்.

"இந்த எடத்துல நாங்க மாட்டிக்கிட்டது எனக்கு ஆச்சரியமா இல்லீங்க மேடம். இந்தச் சிப்பிய இங்க கொண்டாந்து விட்டதே நாங்கதான். வால்வத் தொறந்தது என் கை."

பிரகாசி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்பறம் ஒரு சங்கு குளிக்கிறவரு செத்துப் போனாரு. அன்னிக்கி இதே கப்பல் இங்கதான் நின்னுச்சு. அவரு குடிச்சிருந்தத நான் பாத்தேன்னு சொல்லணும்னு ஆபீஸ்லேந்து போன் பண்ணுனாங்க. சொன்னேன். அந்த வருசம்தான் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருந்தேன். வேலய விட முடியல."

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் பிரகாசி. தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"நான் கீழ எஞ்சின் ரூம்ல இருந்தேங்க. அவரு மூஞ்சியே எனக்குத் தெரியாது."

இத்தனை வருடம் அவள் முகமில்லாமல் வெறுத்த ஆள் எதிரே நின்றார். அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் ஏணியில் காலை வைத்தபோது அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம் மேடம். ஹனீபா பாயிக்கு மட்டும் ஒரு டாக்டர அனுப்பச் சொல்லுங்க. ரேடியோவுல சொன்னா யாரும் காதுல வாங்கல. நீங்க நேர்ல பாத்தவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

பிரகாசி தலையாட்டினாள்.

கரையில் துறைமுக அதிகாரி காத்திருந்தார். இந்தச் சிப்பிக்கு மருந்து எதுவும் தெரியவில்லை, கப்பல் அங்கேயே நிற்பதுதான் பாதுகாப்பு என்று அவள் சொன்னாள். உள்ளே ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். இருக்கிறார்கள் என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவளுக்குள் ஏதோ இனித்தது. அண்ணனைப் பற்றி ஒரு வரி சொல்லி அவனை மறுபடியும் சாகடித்த வாய், இப்போது அவள் வாய்ச்சொல்லுக்காகக் காத்துக்கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நேராகச் செலின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அங்கேயே கிடந்து சாகட்டும் என்று மதினி சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"ஏளா, அவன் செத்தா யாரு வந்து சொல்லுவா?" என்றாள் செலின். "எனக்கு அவன் உசுரோட வேணும். கோர்ட்டுல ஏறி, நான் சொன்னது பொய்யின்னு அவன் வாயால சொல்லணும். அந்தச் சிப்பியச் சாவடி. அவன எறக்கு."

பிரகாசி அது அவ்வளவு எளிதில்லை என்று விளக்கினாள். நல்ல தண்ணீரில் இந்தச் சிப்பி ஏன் சாகிறது என்று அடுத்த நாளே மற்றவர்கள் ஆராய்வார்கள். மூக்கும் வாயும் மாற்றப்பட்டது வெளியே வரும். இந்தக் கரையில் அதைச் செய்யக்கூடிய ஆய்வகம் ஒன்றுதான் இருக்கிறது.

"என்னப் புடிச்சுட்டுப் போறது கெடக்கட்டும் மதினி. மரபணுவ வெட்டி ஒட்டத் தெரிஞ்சவ கொண்டுவந்த மரபணுச் சாட்சிய எந்தக் கோர்ட்டு நம்பும்? சிப்பி அவன் கப்பல்ல வந்துச்சுன்னு நான் நிரூபிச்சது அத்தனையும் குப்பைக்குப் போவும். அப்பீல் இன்னும் ரெண்டு வாரத்துல வருது. அது முடியட்டும்."

செலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, ரெண்டு வாரம் என்றாள்.

ஹனீபாவின் கையைப் பற்றிப் பிரகாசி மதினியிடமும் சொல்லவில்லை.

மேல்முறையீட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேகலாவில் ஒருவர் இறந்துவிட்டார், உடலைக் கரைக்குக் கொண்டுவர அனுமதி தந்திருக்கிறார்கள், உடலைச் சுற்றிய உறையில் சிப்பிக்குஞ்சு ஒட்டியிருக்கவில்லை என்று நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் படகுத்துறையில் நின்றாள். நீலத் தார்ப்பாயில் சுற்றி இறக்கினார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத அனுமதி. தொண்டியிலிருந்து வந்திருந்த ஹனீபாவின் தம்பி, கிட்டே போகலாமா என்று அவளிடம்தான் கேட்டார். அவள் பார்த்துவிட்டு, போகலாம் என்றாள். அவர் போய்த் தார்ப்பாயின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். காயம் பட்டு எத்தனை நாளாகியிருக்கும் என்று டாக்டர் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார்.

பிரகாசி அங்கிருந்து நடந்து துறைமுக அதிகாரியின் அறைக்குப் போனாள். தண்ணீர்ப் படகு ஒன்றில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் அந்தக் குழாய்களுக்குள் விடுங்கள், சாயங்காலத்துக்குள் சிப்பி உதிர்ந்துவிடும் என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். சொல்லும்போது, இது சந்திரமௌலிக்கும் தெரியட்டும் என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. கேனைச் சாய்த்ததும் தான்தான் என்று சொன்னாள். செலினின் பெயரை எடுக்கவில்லை.

சிப்பி உதிர்ந்தது. மறுநாளே ஆட்களை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரகாசியை அதற்குள் போலீஸ் அழைத்துப் போயிருந்தது. செலின் ஆஸ்பத்திரிக்குப் போய் நவநீதத்தின் கட்டிலருகே நின்று, நான் அந்தக் குளிகாரரின் பெஞ்சாதி என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், எந்தக் கோர்ட்டானாலும் சரி என்று அழுதார். செலின் ஜாமீன் எடுக்க வந்தபோது இதைப் பிரகாசியிடம் சொன்னாள். அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

மேல்முறையீடு எதிர்பார்த்தபடியே தள்ளுபடி ஆனது. சான்று கொண்டுவந்தவரே சிப்பியைத் திருத்தியவர் என்று பழைய கம்பெனியின் வக்கீல் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அது பரவாயில்லை என்றாள் செலின். இனி மரபணு வேண்டாம், ஒரு மனுசனின் வாய்ச்சொல் போதும்.

அந்த வாய்ச்சொல் பிரகாசியின் வழக்கிலேயே வர வாய்ப்பிருந்தது. அரசுத் தரப்பின் முதல் சாட்சி நவநீதம். பிரகாசி தன் வக்கீல் திலகராணியிடம், தன்னைக் காப்பாற்ற எதுவும் கேட்க வேண்டாம், அவரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும் என்றாள். சத்தியப் பிரமாணத்தின்மேல் அவர் சொல்லிவிட்டால் அது ஆவணத்தில் ஏறிவிடும். ரெமிஜியுஸின் பெயர் துடைக்கப்பட்டுவிடும்.

அன்று செலின் மகளையும் கூட்டிவந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நவநீதம் கூண்டில் ஏறினார். உடம்பு தேறியிருந்தது. பிரகாசியை அவர் ஒருமுறை பார்த்தார். கயிற்றேணியில் கைகொடுத்தவரின் முகம் இல்லை அது. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். சல்லடையைச் சுரண்டியது, மழைத்தண்ணீர் குடித்தது, ஹனீபாவின் கை கறுத்தது, கடைசி இரண்டு நாள் அவர் வீட்டில் இருப்பதாக நினைத்துப் பேசியது. குற்றம்சாட்டப்பட்டவர் கப்பலுக்கு வந்தாரா என்று கேட்டார்கள்.

"வந்தாங்க. சாயா குடிச்சாங்க. பாய் கையப் பாத்தாங்க. டாக்டர அனுப்பச் சொல்லிக் கெஞ்சுனேன், தலையாட்டுனாங்க. டாக்டர் வருவாருன்னு பாயி ஏணிப்பக்கமே பாத்துக்கிட்டு கெடந்தாரு. இவங்க கரையில யாருகிட்டயும் சொல்லவேயில்லன்னு போலீஸ்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

செலின் திரும்பிப் பிரகாசியைப் பார்த்தாள். அவளுக்கு இது புதிது. பிரகாசி தலை குனிந்துகொண்டாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

குறுக்கு விசாரணைக்குத் திலகராணி எழுந்தார்.

"நீங்க இதுக்கு முன்னால எப்பவாவது, எந்த விசாரணைக்காவது, நடக்காத ஒண்ண நடந்ததாச் சொல்லியிருக்கீங்களா?"

நவநீதத்துக்குக் கேள்வி எங்கே போகிறது என்று உடனே புரிந்துவிட்டது. அவர் முதல் பெஞ்சைப் பார்த்தார். செலின் கைகளைக் கோத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண்பிள்ளை. அவர் கண் அவர்கள்மேல் வெகுநேரம் நின்றது. இரங்குவதுபோல ஒரு கணம் தெரிந்தது. பிறகு அவர் பார்வை பிரகாசியிடம் வந்தது.

அந்தப் பார்வையைப் பிரகாசிக்குத் தெரியும். விசாரணை மன்றத்திலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து கண்ணாடியில் அவள் பார்த்துவந்த பார்வை.

நீதிபதி, பதில் சொல்லுங்கள் என்றார்.

"இல்லீங்க ஐயா," என்றார் நவநீதம். "நான் பொய் சொன்னதே இல்ல."